ஓட்டுக்கு மட்டும் வருகிறவள்

ராஜவேலுக்குக் கோபம் கோபமாக வந்தது. கல்யாணமாகி மூன்று வருஷம். ரேஷன் கார்டில் பேர் ஏறியாச்சு, கேஸ் சிலிண்டர்கூட மனைவி கலைமதி பேரில்தான் வருகிறது. ஓட்டு மட்டும் இன்னும் குப்பத்தில், அவள் அப்பா வீட்டு விலாசத்திலேயே கிடக்கிறது.

மழைக்காலம். உப்பளம் முழுக்கத் தண்ணீர் நிற்க, வேலை இல்லாமல் ஊரே வீட்டில் இருந்தது. ஓட்டர் லிஸ்ட் சரிபார்க்க வந்த அங்கன்வாடி அக்கா தெருமுனையைத் தாண்டிப் போயாச்சு.

"இப்பவாவது இங்க மாத்திக்கோடி. நீ இந்த ஊரா, அந்த ஊரா?"

"அடுத்த தடவ பாத்துக்கலாம்."

"அங்க உன் பேர வெச்சிருப்பாங்கன்னு நெனக்கிறியா? உங்கப்பா முதல் வேலையா அடிச்சிட்டிருப்பாரு."

கலைமதி முறத்தை எடுத்து அரிசி புடைக்க உட்கார்ந்தாள். கடலுக்குப் போகிற வீட்டுப் பெண், உப்பு வாருகிறவனைக் கட்டிக்கொண்டு போன அன்றைக்கு அப்பா அப்பாதுரை ஒன்றுதான் சொன்னார்: "இனிமே என் வாசப்படிய மிதிக்காத." அம்மா இருந்திருந்தால் நடுவில் விழுந்து சமாளித்திருப்பாள். அம்மா போய் ரொம்ப நாளாகிவிட்டது.

ஆனால் ஓட்டுப் போடும் பள்ளிக்கூடம் அப்பாவின் வாசற்படி இல்லையே! எலெக்‌ஷன் அன்றைக்குப் படகு எதுவும் இறங்காது, அப்பா கரையில்தான் இருப்பார். போன பார்லிமெண்ட் தேர்தலில் ஆண்கள் வரிசையில் அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான். அதையே நினைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள். பேரை மாற்றிவிட்டால் அந்த ஊருக்குள் போக வேறு என்ன சாக்கு இருக்கிறது?

புது லிஸ்ட் வந்த அன்றைக்கு ராஜவேல் போனில் தேடினான். தேடினவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ஏய், இருக்குதுடி உன் பேரு!"

வீட்டில் யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தராமல் பேர் நிற்காது. அந்த வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு ஆள். கலைமதி சட்டென்று எழுந்து அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ராஜவேல் உள்ளே போனான்.

சித்திரை வெயில். பாத்தி எல்லாம் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்துக் கிடக்க, ஓட்டுக்காக எல்லாருக்கும் லீவு. ராஜவேல் எக்ஸெல் வண்டியில் அவளைக் கொண்டுவந்து ஈ.சி.ஆர். ரோட்டோரம் இறக்கினான். பூத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் அதை அவனிடம் கொடுத்துவிட்டு அவள் மட்டும் குப்பத்துக்குள் நடந்தாள்.

பெண்கள் வரிசையில் மீன் விற்கிற குப்பம்மாள் நின்றிருந்தாள். அப்பாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. கலைமதியைக் கண்டதும் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து மடித்த பூத் சிலிப்பை எடுத்து நீட்டினாள்.

"இந்தா. உங்கப்பன் குடுத்து வெச்சான். அவன் குடுத்ததா சொல்லக் கூடாதாம்."

"அப்புறம் ஏன் அத்த சொல்ற?"

"என் வாயில என்னிக்குடி நின்னுச்சு?" என்றவள், கலைமதியை மேலும் கீழும் பார்த்தாள். இடுப்பில் பார்வை நின்றது. "ஏய்... முழுகாம இருக்கியா?"

"மெதுவா பேசு அத்த!"

மெதுவாகவா! "எம்மா போலீசு! இங்க ஒரு புள்ளத்தாச்சி வெயில்ல நிக்குது, முன்னாடி வுடும்மா!"

வரிசை மொத்தமும் திரும்பியது. ஆண்கள் வரிசையும் திரும்பியது. அப்பாதுரை வாசலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இந்தத் தடவை தலையைக் குனியவில்லை.

போலீஸ்காரம்மா அவளை நேராக உள்ளே அனுப்பினாள். ஆண்கள் பக்கத்திலிருந்து அடுத்து வந்தவர் அப்பாதுரை. லிஸ்டோடு உட்கார்ந்திருந்த ஆபீசர் எல்லாரும் கேட்கிற மாதிரி படித்தார்: "கலைமதி. தகப்பன் பேரு அப்பாதுரை." பின்னால் தொண்டையைக் கனைக்கும் சத்தம். கலைமதி திரும்பவே இல்லை, திரும்பினால் அழுதுவிடுவாள்.

மை வைக்கிற பெண் அவள் விரலைப் பிடித்துப் பார்த்தாள். வெடிப்பு வெடிப்பாக இருந்தது. "காந்துதா?"

"உப்ப விடவாக்கா?"

ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது குப்பம்மாள் கையைப் பிடித்து டீக்கடைக்கு இழுத்துப் போனாள். அப்பாதுரையும் வந்தார். கடையில் கொடுத்து வைத்திருந்த தன் பட்டன் போனை வாங்கிக்கொண்டு, பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தார். கடலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"குப்பம்மா, எத்தினி மாசம்னு கேளு."

"அஞ்சுன்னு சொல்லு அத்த."

"இந்த வெயில்ல இன்னும் உப்பு வார்றாளான்னு கேளு."

"அவரு போவ விடறதில்லன்னு சொல்லு. போன மாசமே நின்னாச்சு."

"ஆமா, நான் என்னா செல்போன் டவரா?" குப்பம்மாள் எழுந்து இரண்டு பேருக்கும் நடுவிலிருந்து நகர்ந்து போனாள். "நேராப் பேசுங்க. என் டீ ஆறிப்போவுது."

நடுவில் ஆள் இல்லை. பெஞ்சு மட்டும் காலியாக இருந்தது. அப்பாதுரை போனைக் கையில் வைத்து உருட்டினார்.

"பேர அங்கயே மாத்திக்கோ."

இருந்த ஒரு வழியும் போச்சு என்று கலைமதி நினைத்தாள். "நான் வர்றது புடிக்கலன்னா..."

"அந்தம்மா லிஸ்ட் எடுக்க வந்து, 'பொண்ணு இருக்குதா?'ன்னு கேட்டா. இல்லன்னு சொல்ல வாய் வர்ல. இருக்குதுன்னு பொய் சொல்லிட்டேன்." தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒவ்வொரு தடவையும் பொய் சொல்ல முடியுமா? புருசன் ஊர்லயே ஓட்டுப் போடு. இங்க வர்றதுக்கு ஓட்டு எதுக்கு? வாசல் தொறந்துதான் கெடக்குது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

"நம்பர் சொல்லு."

"யாரு நம்பருப்பா?"

"ரோட்டுல வெயில்ல நிக்கிறானே, அவன் நம்பரு."

சொன்னாள். ஒவ்வொரு எண்ணாக, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினார். ரிங் போனது.

"அலோ. நான் அப்பாதுரை பேசுறேன்." அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "அலோ, இருக்கீங்களா? வண்டிய உள்ள எடுத்துனு வாங்க. சங்கரா மீனு வாங்கி வெச்சிருக்கேன்."

சற்று நேரத்தில் தெருமுனையில் எக்ஸெல் சத்தம் கேட்டது. வருகிற வேகத்தைப் பார்த்து, "ஏம்பா, மெதுவா! மணல்ல சறுக்கும்!" என்று அப்பாதுரைதான் முதலில் எழுந்து ஓடினார்.