மாசி பதினைந்து

என் வீட்டுக்காரர் அரங்கநாதனுக்கு மறதி வந்துவிட்டது. இது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவருக்குத் தெரியும் என்பதுகூட என் யூகம்தான்.

தியாகதுருகம் வட்டாரத்தில் இருபத்திரண்டு வருடமாக விசேஷச் சமையல் செய்கிறவர். ஒரு பந்திகூடத் தவறியதில்லை. அந்தப் பெயரை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு. போன ஐப்பசியில் ஒரு கல்யாணத்தை மறந்து வீட்டில் படுத்திருந்தார். பெண்ணின் தாய்மாமன் வண்டி எடுத்து வந்து எழுப்பிக்கொண்டு போனதால் தப்பித்தோம். நோட்டில் எழுதித்தான் வைத்திருந்தார். நோட்டை எங்கே வைத்தார் என்பது அன்றைக்கு மறந்துவிட்டது. இது வெளியே தெரிந்தால் யார் நம்பிக் கூப்பிடுவார்கள்?

தை மாத முகூர்த்தங்கள் முடிந்த நேரம், சிங்கப்பூரிலிருந்து வந்த என் தம்பி வீரமணி அவருக்கு ஒரு செல்போன் கொடுத்தான். நல்ல கனம். டிபன் பாக்ஸ் மாதிரி திறந்தால் உள்ளே பொடிப்பொடியாக எழுத்துப் பித்தான்கள். காலண்டர், அலாரம், விலாசம் எழுதிவைக்க இடம் என்று என்னென்னவோ இருந்தன.

“இதுல விசேஷத் தேதியப் போட்டு வச்சிட்டீங்கன்னா, அன்னிக்கு விடிகாலையில அதுவே உங்கள எழுப்பி வுட்டுடும் மாமா” என்றான்.

அவ்வளவுதான், மனுஷர் அதைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒன்பதாவது வரை படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் குத்திக் குத்தி எல்லாத் தேதிகளையும் ஏற்றினார். பிறகு நோட்டை அடுப்பில் போட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். கழுத்தில் தொங்குவதை எங்கே தொலைப்பது என்று எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

மாசி பாதியில் ஒருநாள் விடியற்காலை அது முதன்முதலாகக் கூவியது. அவர் திறந்து வாய்விட்டுப் படித்தார். வெள்ளிமலை, வேடியப்பன் வீட்டுக் காதுகுத்து, இருநூறு பேர்.

“எனக்கின்னாமோ அவங்க வைகாசின்னு சொன்ன மாதிரி இருக்குதுங்க” என்றேன்.

“உனக்கு ஞாபகம் ஜாஸ்தியா, போனுக்கு ஜாஸ்தியா? கெளம்பு” என்று எரிந்து விழுந்தார்.

இத்தனை நாளாக மறக்கிறவர் அவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, ஒருவேளை நான்தானோ? அந்தக் குழப்பத்தோடேயே அண்டா, கரண்டி எல்லாவற்றையும் எங்களுக்கு வழக்கமாக வண்டி ஓட்டும் கவியரசன் வேனில் ஏற்றினேன். மலைமேல் அப்போது டவர் கிடையாது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற, போனில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

வேடியப்பன் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். பந்தல் இல்லை, வாழைமரம் இல்லை. எங்கள் அண்டாக்களைப் பார்த்து வாயில் நுரையோடு நின்றார்.

“வைகாசி இருபத்தேழுன்னு தானே மாஸ்டர் சொன்னோம். இப்ப மாசிதானே நடக்குது?”

இவர் போனைத் திறந்து நீட்டினார். “கரெக்டாதான் போட்டுக்கினு இருக்கேன். இருபத்தேழு, ரெண்டு. சித்திரை ஒண்ணு, வைகாசி ரெண்டு.”

கவியரசன் எட்டிப் பார்த்தான். “மாஸ்டர், இது இங்கிலீஷ் காலண்டருங்க. ரெண்டுன்னா பிப்ரவரி. இன்னிக்குத்தான் பிப்ரவரி இருபத்தேழு.”

வேடியப்பன் சிரித்துவிட்டார். காபி கொடுத்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, போகட்டும், டீசல்தானே நஷ்டம் என்று. இவர் மட்டும் சிரிக்கவில்லை. இறங்கும்போது வேனில் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். சித்திரையில் ஆரம்பித்து மாசியில் நின்றார். “மாசின்னா பதினொண்ணு” என்று முணுமுணுத்தபடி பதினோராம் மாதத்தைத் தேடி எடுத்து வாய்விட்டுப் படித்தார்.

நவம்பர் பதினைந்து. சின்னசேலம், அன்புச்செல்வன் மகள் தமிழ்மொழிக்கு வளைகாப்பு. அஞ்சு வகை சாதம், நூற்றைம்பது பேர்.

“கவி, இன்னிக்கு மாசி எத்தினிடா?”

“பதினஞ்சுங்க மாஸ்டர்.”

கவியரசன் வேனை விரட்டினான். மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்துக்கு வந்ததும் டவர் கிடைத்துப் போன் அலறியது. அவர் பதறிப்போய் எந்தப் பித்தான் என்று தெரியாமல் தடவினார். கவியரசன் வண்டியை ஓரங்கட்டி, அதை அழுத்தி என் காதில் வைத்தான்.

“மாஸ்டர், எங்க இருக்கீங்க? காலையில ஆறு மணிலேர்ந்து அடிச்சிக்கினு இருக்கேன்!” அன்புச்செல்வன் குரல் உடைந்திருந்தது. “சம்பந்தி வூட்டாளுங்க வந்து உக்காந்துகினு இருக்காங்க. அடுப்பே மூட்டல. புள்ளத்தாச்சிப் பொண்ணு அழுதுகினு இருக்குது.”

“நாங்க இப்பவே வந்துடறோங்க” என்றேன்.

“வேணாங்கம்மா. ஓட்டல்ல பொட்டலம் கட்டச் சொல்லிட்டேன். மாஸ்டருக்கு மறதி வந்துடுச்சின்னு ஊர்ல ஒருத்தர் சொன்னாரு. நான்தான் நம்பல.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யோசிக்க நேரமில்லை.

“அவருக்கு ஒண்ணும் இல்லீங்க. போன்ல தேதியப் போட்டது நானுங்க. மாசத்த மாத்திப் போட்டுட்டேன். அவரு மேல கோவிச்சுக்காதீங்க, இது எம்மேல தப்பு.”

“நீங்களா? இன்னாங்கம்மா நீங்க…” என்று அன்புச்செல்வன் போனை வைத்துவிட்டார். அந்த வளைகாப்பு போனது போனதுதான். அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது. ஆனால் இவர் பெயர் தப்பித்தது.

திரும்பிப் பார்த்தேன். இவர் என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

“உனக்கெதுக்குடி இந்த வேலையெல்லாம்? தெரியலன்னா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?”

கவியரசனுக்காக நடிக்கிறார் என்று நினைத்துக் கண்ணைப் பார்த்தேன். நடிப்பு இல்லை. நிஜமான கோபம். எனக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. முப்பது வருடம் கூட வாழ்ந்தவருக்கு அது தெரிந்திருந்தது, இதுவரைக்கும்.

“தப்புதாங்க” என்றேன். “இனிமே உங்களக் கேட்டுப் போடறேன்.”