பூட்டு இருந்ததா?

என்னை எங்கள் குடும்பத்தில் சிஐடி என்றுதான் கூப்பிடுவார்கள். தையற்காரர் மீதித் துணி இல்லை என்றால் நம்ப மாட்டேன். டாக்டர் உடம்புக்கு ஒன்றுமில்லை என்றால் அதைவிட நம்ப மாட்டேன். பெயர் வைத்தது என் தம்பி. "அக்கா, நீ போலீஸ்ல சேர்ந்திருந்தா திருடனுங்க எல்லாம் ஒழுங்கா வேற வேலைக்குப் போயிருப்பானுங்க" என்பான். அவன் போய்ச் சேர்ந்த சோகம் ஆறுவதற்குள் நான் சந்தேகப்பட ஆரம்பித்தது என் புருஷனை.

தம்பியும் என் வீட்டுக்காரரும் ஒரே சோப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்கள். அங்கே ஆள் உயரத்தைவிடப் பெரிய கலவை இயந்திரம் ஒன்று உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் அண்டா. உள்ளே இரும்புக் கத்திகள் சுற்றும். சுவரில் ஒட்டிக் காய்ந்துபோன சோப்பைச் சுரண்ட அவ்வப்போது ஓர் ஆள் உள்ளே இறங்க வேண்டும். இறங்குகிறவன் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் தன் சிவப்புப் பூட்டை மாட்டிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். பூட்டு தொங்கும்வரை சுவிட்சை யாராலும் போட முடியாது. எந்தப் பூட்டு யாருடையது என்று தெரிய வெள்ளைப் பெயிண்டில் பெயரும் எழுதியிருக்கும்.

தம்பி உள்ளே இருந்தபோது சுவிட்சைப் போட்டது என் வீட்டுக்காரர்.

விசாரணைக்கு அரசாங்கத்திலிருந்து ஓர் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலை செய்யும் இடத்தில் நடக்கும் சாவுகளை மட்டும் விசாரிக்கிற பிரிவாம். நாற்காலியைக் காட்டினால் உட்காருமுன் அதை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டார். நம்ம ஆள்தான் என்று பட்டது. எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவர் கேட்டது ஒரே கேள்வி. அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"பூட்டு இருந்ததா?"

"இல்லைங்க மேடம்" என்றார் என் வீட்டுக்காரர். "பூட்டு இருந்திருந்தா நான் எப்படிங்க சுவிட்சைப் போட முடியும்?"

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. தம்பியின் சாவி அவன் சட்டைப் பையிலேயே கிடைத்தது. பூட்டு அவனுடைய டூல்ஸ் பெட்டிக்குள், பூட்டியபடி இருந்தது. சூப்பர்வைசரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார். நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருப்பதால் அந்த ஆளுக்குத் தொழிற்சாலையில் சைரன் என்று பெயர்.

"பூட்டு மாட்டாமலே இறங்கியிருந்தா, தப்பு இறந்தவர் மேலதான்னு கம்பெனி வக்கீல் சொல்லுவார்" என்றார் அந்த அம்மா. "நான் வழக்குப் போட்டாலும் நிக்காது."

கூடவே உட்கார்ந்திருந்த தம்பி பெண்டாட்டி குமுறிவிட்டாள். "பாத்ரூம் போனாலே தாழ்ப்பாளை ரெண்டு தடவை இழுத்துப் பாக்கிற மனுஷன் மேடம் அவரு. பூட்டாம இறங்குவாரா?"

அதிகாரி அம்மா என் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரர் சொல்றதை நீங்க நம்புறீங்களா?"

"அவருக்குப் பொய் சொல்லவே வராது மேடம்" என்றேன்.

வராது என்பது உண்மைதான். பொய் சொன்னால் காதைத் தடவுவார், பிடிபட்டுவிடுவார். கல்யாணமான புதிதிலேயே நான் கண்டுபிடித்த விஷயம் அது. அன்று அவர் காதைத் தடவவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை நான் பார்க்காமல் இல்லை.

அதற்கப்புறம் வீட்டில் எனக்கு நிம்மதி போயிற்று. மனிதர் தலைகீழாக மாறிவிட்டார். சாப்பிட்ட தட்டை நகர்த்தாதவர் பாத்திரம் கழுவ வந்தார். துணி மடித்தார். நான் திட்டினால் தலையாட்டினார். இத்தனை வருஷம் என்னோடு மல்லுக்கு நின்றவர் தலையாட்டினால் எனக்குச் சந்தேகம் வராதா? அழுகிறார் என்று பார்த்தால் நிஜமாகவே அழுகிறார். மச்சான் மச்சான் என்று அவனோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவர்தான். ஆனால் அழுது முடித்ததும் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். யார் என்று கேட்டால் சைரன் என்பார். என்னவாம் என்று கேட்டால், "சும்மா, ஆறுதல் சொன்னாரு" என்பார். சைரன் ஆறுதல் சொல்கிறாராம்! சொந்தப் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது லீவு போடாத ஆள்.

கம்பெனி ஏதோ கொடுத்து இவர் வாயை அடைத்துவிட்டது என்று நினைத்தேன். பீரோவைக் குடைந்தேன், சட்டைப் பைகளைத் துழாவினேன். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது என் சந்தேகத்தை இன்னும் ஊதிவிட்டது.

தம்பியின் சைக்கிள் எங்கள் மாடிப்படிக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் பெண்டாட்டி போன் செய்தாள். வேலைக்குப் போய்வர அது வேண்டுமாம். பின்சக்கரத்தில் சங்கிலி, சங்கிலியில் சிவப்புப் பூட்டு. தொழிற்சாலையில் கொடுத்த இரண்டு பூட்டில் ஒன்றைச் சைக்கிளுக்குப் போட்டிருந்தான். சாவி, அவன் சட்டைப் பையில் இருந்த கொத்தோடு அதிகாரி அம்மாவிடம் போய்விட்டது.

"ரம்பம் வாங்கிட்டு வந்து அறுத்துடறேன்" என்று சட்டையைக்கூட மாட்டாமல் பனியனோடு கிளம்பினார் என் வீட்டுக்காரர்.

"ஏங்க, அந்த அம்மாவுக்கு ஒரு போன் போட்டா சாவியைக் குடுத்துட்டுப் போறாங்க. நல்ல பூட்டை எதுக்கு அறுக்கணும்?"

"அவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு? நீ சும்மா இரு."

போய்விட்டார். சும்மா இரு என்றால் நான் இருப்பேனா? ரேஷன் கடைக்குப் போகச் சொன்னாலே நாளைக்குப் பார்க்கலாம் என்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை வெயிலில் ரம்பத்துக்கு ஏன் ஓடுகிறார்? வீட்டிலிருந்த சாவிகளை எல்லாம் வாரிக்கொண்டு படிக்குக் கீழே உட்கார்ந்தேன். பெட்டிச் சாவி, பீரோச் சாவி, எதற்கென்றே மறந்துபோன சாவிகள் எல்லாம் போட்டுப் பார்த்தேன். அசையவில்லை. ஆணியில் அவர் சட்டை தொங்கியது. அதன் பையிலிருந்த கொத்தை எடுத்தேன். அதில் அவருடைய தொழிற்சாலைச் சாவி இருந்தது. அவர் பூட்டுக்கு உண்டான சாவி. தம்பி பூட்டுக்குள் அது போகவே கூடாது.

போயிற்று. ஒரே திருப்பு, திறந்துகொண்டது.

ரம்பத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தவர், என் கையில் பூட்டையும் அதில் தொங்கும் தன் சாவியையும் பார்த்தார். அப்படியே கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாத்துக்கும் ஒரே சாவிதான்" என்றார். "யார் சாவி வேணும்னாலும் யார் பூட்டு வேணும்னாலும் திறக்கும்."

"யாருக்குத் தெரியும் இது?"

"எல்லாருக்கும்தான். முன்னாடி தனித்தனி சாவி இருந்துச்சு. ஒருத்தன் பூட்டை மறந்து விட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவான். அவன் திரும்பி வர்ற வரைக்கும் அண்டா நிக்கும். மேனேஜர் கடுப்பாகி, எல்லாத்தையும் மாத்தி ஒரே மாதிரி வாங்கிப் போட்டுட்டாரு. எங்களுக்கும் சௌகரியமாத்தான் இருந்துச்சு. பூட்டு தொங்குதுன்னா எவனோ மறந்துட்டுப் போயிட்டான்னு அர்த்தம். திறந்து ஓரமா வெச்சுட்டு சுவிட்சைப் போடுவோம்."

திறந்த பூட்டை அவர் முன்னால் நீட்டினேன். "அன்னிக்கும் பூட்டு தொங்கிச்சு."

"சைரன் கத்துறாரு, லோடு நிக்குது போடு போடுன்னு. பூட்டு தொங்குது சார்னேன். முந்தின ஷிஃப்டுக்காரன் விட்டுட்டுப் போயிருப்பான், திறடான்னாரு. திறந்தேன்."

"அதுல என் தம்பி பேரு எழுதியிருக்கே! வெள்ளையா, இவ்ளோ பெருசா!"

"பாக்கல" என்றார். "பேரைப் பாக்கிற பழக்கமே விட்டுப்போச்சு."

"உள்ள எட்டிப் பாத்து ஒரு குரல் குடுத்தீங்களா?"

செய்தித்தாள் சுருளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். அந்தத் தலையில் ஒன்று போட வேண்டும் என்று எனக்கு நிஜமாகவே தோன்றியது. அதே நிமிஷம் அதை மடியில் போட்டுக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் நின்றேன்.

"பூட்டை டூல்ஸ் பெட்டியில போட்டது சைரன்தான்" என்றார். "பூட்டே இல்லன்னு நீயும் சொல்லு, நானும் சொல்றேன். செத்தவன் மேல யாரும் கேஸ் போட மாட்டாங்கன்னாரு."

அதைக் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவனை, பூட்டக்கூடத் தெரியாத மடையன் என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதி மூடிவிடுவார்கள். மேனேஜர் இதே பூட்டுகளை வைத்துக்கொண்டு அடுத்த ஆளை அண்டாவில் இறக்குவார். என் தம்பி தன் சாவுக்குத் தானே காரணம் ஆகிவிடுவான். இத்தனையும் என் புருஷன் வீட்டில் பத்திரமாக இருப்பதற்காக.

"நாளைக்கு அந்த அம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்வேன்."

"நான் உள்ள போயிடுவேன்டி."

"தெரியும்."

"உனக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல" என்றேன். "அதையும் யோசிச்சுட்டுத்தான் சொல்றேன்."

மறுநாள் அந்த அலுவலகத்தின் வராந்தாவில் காத்திருந்தபோது அவர் எழுந்து எழுந்து வாசலைப் பார்த்தார். ஓடிவிடுவார் என்று நினைத்து நான் வழியில் இருந்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தேன். கூப்பிட்டார்கள், போனோம். அவர் உட்காரக்கூட இல்லை. "பூட்டு இருந்துச்சு மேடம். நான்தான் திறந்தேன்" என்றார். கை தொங்கிக்கொண்டிருந்தது, காதுப் பக்கம் போகவில்லை.

அதிகாரி அம்மா உடனே நம்பிவிடவில்லை. யார் சொல்லிக்கொடுத்தது, ஏன் இவ்வளவு நாள் கழித்து, கம்பெனியோடு ஏதாவது தகராறா என்று துருவினார். அப்புறம் அரக்கு வைத்த உறையைப் பிரித்து, தம்பியின் பூட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, என் வீட்டுக்காரர் சாவியை வாங்கித் தானே போட்டுத் திருப்பினார். பூட்டு திறந்துகொண்டது. அன்றைக்கே ஜீப் தொழிற்சாலைக்குப் போயிற்று. அங்கே தொங்கிய பூட்டுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார்கள். அத்தனையும் அந்த ஒரு சாவிக்குத் திறந்தன.

வழக்குப் போட்டார்கள். மேனேஜர் முதல் எதிரி, சைரன் இரண்டாவது, என் வீட்டுக்காரர் மூன்றாவது. ஜாமீனில் வந்தவர் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டார். மறுபடியும் என்னோடு சண்டை போட்டார். எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது.

முதல் விசாரணை அன்று அவரை வக்கீலோடு விட்டுவிட்டு, நீதிமன்ற அறைக்கு வெளியே போடப்பட்டிருந்த பெஞ்சுக்குப் போனேன். தம்பி பெண்டாட்டி தனியாக உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்ற சிப்பந்தி என்னை மறித்து, "நீங்க யாருக்காக வந்திருக்கீங்கம்மா?" என்றான்.

"இறந்தவருக்கு அக்கா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மூணாவது எதிரியோட சம்சாரம்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் நகரவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. உள்ளே யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள்.

"அண்ணி" என்றாள். "உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அந்த ஞாயித்துக்கிழமைதான்மா. சத்தியமா."

"உங்க கண்ணுக்குத் தப்பி அந்த வீட்டுல ஒண்ணு நடக்குமா அண்ணி?"

தொடைக்கு அடியில் இருந்த அந்தக் கைகளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. "சத்தியமா அன்னிக்குத்தான்" என்று மறுபடியும் சொன்னேன்.

அவள் நம்பவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.