இல்லாத பட்டன்

விடிகாலை ஷிப்டிலேயே பஞ்சுத் தூசி மூக்கையும் கண்ணையும் அடைத்தது. சிங்காநல்லூர் மில்லில் பாபின்களில் நூல் சுற்றும் ரிங் பிரேமின் நீளத்துக்கு ஓடி ஓடி, அறுந்த இழைகளை ஒட்டிக்கொண்டிருந்தாள் பிரவீனா. கை வேலையில் இருந்தாலும் கண் பக்கத்து பிரேமில்தான்.

அது ரம்ஷாவுடையது. புதுசு, நூல் அவ்வளவாக அறுவதில்லை. எந்த பிரேம் நின்றாலும் அதன் திரை காரணம் கேட்கும். அடையாள அட்டையைக் காட்டிப் பட்டனை அமுக்கினால்தான் மறுபடி ஓடும். யாருக்கு எந்த பிரேம், என்ன கூலி என்பதையெல்லாம் அந்தப் பதில்களை வைத்துக் கம்ப்யூட்டரே முடிவு செய்தது. அந்தப் பட்டியலில் தினமும் முதல் பெயர் ரம்ஷா. பார்க்கப் பார்க்க பிரவீனாவுக்கு வயிறு எரிந்தது. அவள் சிரித்தாலும் பிடிக்கவில்லை, டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினாலும் பிடிக்கவில்லை.

அன்று ரம்ஷாவின் பிரேமில் பல்சக்கர மூடி கழன்று விழுந்தது. அத்தனை இரைச்சலையும் மீறி அவள் அலறல் கேட்டது. நசுங்கிய விரல்களைத் துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

முதலாளி வெங்கடபதி நேரே பிரவீனாவிடம் வந்தார்.

"அம்மணி, பக்கத்துல இருந்தவ நீதான். உன்ற அட்டையக் காட்டிக் காரணத்தை அமுக்கிப்போடு. நாளையிலிருந்து இந்த பிரேம் உனக்கு."

திரையில் மூன்றே பட்டன்கள். நூல் அறுந்தது. பாபின் நிறைந்தது. தொழிலாளியின் கவனக்குறைவு. மூன்றாவதை அமுக்கினால் ரம்ஷாவின் வேலை போகும். வைத்தியச் செலவும் அவள் தலையில்தான் விழும். பிரவீனாவின் விரல் பட்டன்வரை போனது. ஆசைப்பட்டுத்தான் போனது.

"மூடி ஆடுதுன்னு எத்தனையோ தடவ சொன்னோமுங்க," என்றாள்.

"சொன்னாப் போதுமா? திரையில ஒருத்தரும் போடலையே. பிரேம் நின்னப்பவெல்லாம் நூல் அறுந்ததுன்னுதான எல்லாரும் அமுக்கியிருக்கீங்க?"

"மூடிக்குப் பட்டன் எங்கீங்க இருக்குது?"

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். இப்ப அமுக்கு."

பிரவீனா விரலை எடுத்தாள். அட்டையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். "அந்தப் பட்டனை வெச்சுக் குடுங்க, அமுக்கறேன்."

"நீ இல்லாட்டி இன்னொருத்தி," என்று எதிர் வரிசை மாரியாத்தாளைக் கூப்பிட்டார். அவள் வந்து பிரவீனாவை ஒட்டி நின்றாள்.

"என்ற பிரேம்ல பாபின் நெறைஞ்சு நின்னுபோச்சுங்க. அதைக்கூட நான் அமுக்கறதா இல்லீங்க."

பாபின் நிறைய நிறைய, பிரேம்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் திரைப் பக்கம் போகவில்லை. கேட்டைச் சாத்திவிடுவேன் என்றார் வெங்கடபதி. ஒருத்தியும் நகரவில்லை.

மாரியாத்தாள் மெல்லக் கேட்டாள். "அவளக் கண்டாலே உனக்கு ஆகாதே கண்ணு?"

"இப்பவும் ஆகாதுங்கக்கா. கை தேறி வரட்டும். இதே பிரேம்ல அவ நிக்கோணும், நான் அவளை முந்தோணும்."

திரைகள் காரணம் கேட்டபடியே இருந்தன. பெண்கள் பஞ்சு படிந்த தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.