ஒரு வரி மாற்றம்

மத்தியானம் மணி மூன்றாகியும் என் கணவர் லேப்டாப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. பக்கத்தில் மாமனார் மடியில் கீபோர்டோடு காத்திருந்தார். தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்குக் குரல் இல்லை. தட்டுவதை உரக்கப் படிக்கும் மென்பொருள்தான் இனி அவருக்கு வாய். மறுநாள் அவர் தங்கைக்கு இதய ஆபரேஷன். நாலு மணிக்கு வார்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதற்குள் இரண்டு வார்த்தை பேசியாக வேண்டும்.

அந்த மென்பொருள் தயார் பேக்கேஜாகவே கிடைக்கிறது. போட்டால் இரண்டு நிமிஷ வேலை. எங்கள் வீட்டு மகாராஜாவுக்கு அதெல்லாம் ஆகாது. மென்பொருளை எழுதிய மூல வரிகளை, அந்த சோர்ஸ் கோடை வாங்கி, அதில் கை வைத்து, இங்கேயே கம்பைல் செய்து ஓடும் மென்பொருளாக ஆக்கினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். பாட்டுக் கேட்கிற மென்பொருளுக்கே அரை நாள் உட்கார்ந்தவர். இதில் ஏதோ ஒரு வரியை மாற்ற வேண்டுமாம், பேக்கேஜில் அது முடியாதாம். என்ன வரி என்று நானும் கேட்கவில்லை.

"அளவெடுத்துத் தைக்கிறவ நீ. நீயே ரெடிமேட் வாங்கச் சொல்றியே" என்றார். நான் தையல்காரி. ரயிலுக்கு நேரமாகிவிட்டால் கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓட வேண்டியதுதான் என்றேன்.

மூன்றரைக்கு, லைப்ரரி என்கிற துணைக் கோப்பு ஏதோ இல்லையென்று கம்பைல் பாதியில் நின்றது. அதைத் தேடிப் போட்டு மறுபடி ஓடவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேசாமல் என் லேப்டாப்பில் தயார் பேக்கேஜைப் போட்டு மாமனார் முன்னால் வைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. நானே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

மாமனார் தட்டியதை அது ஒரே மூச்சில் கடகடவென்று ஒப்பித்தது. மறுமுனையில் மாமனாரின் தங்கை, என் கணவரின் அத்தை, விளம்பரமா என்று கேட்டார். அண்ணாதான் பேசுகிறார் என்று விளக்கினேன்.

"சரிம்மா. அண்ணா சொன்னதா எடுத்துக்கறேன்."

மாமனார் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். எனக்கு ஏனடா போட்டோம் என்றிருந்தது. என் கணவர் திரும்பாமலே, "அத்தை, கொஞ்ச நேரம் போனை வெக்காம இருங்க" என்றார்.

மூன்று ஐம்பத்தாறுக்குக் கம்பைல் முடிந்தது. கணவரின் லேப்டாப்பில் மாமனார் ஒற்றை விரலால் ஒரு வரி தட்டினார்.

"பாப்பா" என்றது அதே இயந்திரக் குரல். பிறகு சத்தமே இல்லை. கெட்டுவிட்டதோ என்று நான் பதறினேன். பொறு என்று கணவர் கையைக் காட்டினார்.

மாமனார் என்றைக்கும் அப்படித்தான். கூப்பிட்டுவிட்டு, யோசித்து, அதன்பிறகுதான் அடுத்த வார்த்தை. அதற்குள் ஒரு பட்டன் தைத்துவிடுவேன் என்று எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன். அந்த இடைவெளி வரும்படிதான் என் வீட்டு மனுஷன் அந்த ஒரு வரியை மாற்றி எழுதியிருக்கிறார். பாவி, வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா.

போனில் அத்தையின் மூச்சு கேட்டது.

"அண்ணா" என்றார். "மெதுவா சொல்லு. கேட்டுட்டுதான் இருக்கேன்."

மாமனார் போனைப் பார்த்துத் தலையாட்டினார். தட்டி வைத்த மீதி வார்த்தைகள் திரையில் அப்படியே காத்திருந்தன.