நாலாவது ஓட்டு

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? நான் என்ன ஜோக்கா சொன்னேன்? கேட்டார்கள், சொன்னேன். பதில் பிடிக்கவில்லை என்றால் சண்டைக்கு வர வேண்டியதுதானே? காலையிலிருந்து அவர்களுக்குள் அதைத்தானே செய்துகொண்டிருந்தார்கள்? சண்டை போடக்கூட நான் ஆள் இல்லையா?

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலையில் பதிவானதில் அந்த இடத்தை அவள் மறுபடி ஓடவிட்டாள்.

வீட்டின் பின்னறைதான் ஸ்டூடியோ. எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்கப் பழைய போர்வைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரும் கொழுந்தனும் கணவருடைய ஆபீஸ் நண்பரும் அங்கே உட்கார்ந்து டென்னிஸைப் பற்றி வாய் கிழியப் பேசுவார்கள். அவள் அதை வெட்டி ஒட்டி இணையத்தில் ஏற்றுவாள். இந்த வாரம், எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆட்டக்காரர் யார் என்ற பேச்சு. கணவருக்கு 'வாத்தியார்', சட்டை கசங்காமல் ஆடுகிறவருக்கு அவர்கள் வைத்த பெயர் அது. கொழுந்தனுக்கு மண் தரையில் யாரையும் நிற்கவிடாத 'காளை'. நண்பருக்கு, எந்தப் பந்துக்கும் வளைந்து கொடுக்கும் 'ரப்பர்'.

"காளையைப் பார்த்தாலே உங்க வாத்தியாருக்குக் காய்ச்சல் வந்துடும்ண்ணே."

"போடா! மண்ணை விட்டு இறங்கினா உன் காளை நொண்டும்."

"நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்குங்க. கோப்பையை எண்ணும்போது கூப்பிடுங்க, நான் வரேன்" என்றார் நண்பர்.

ஆளுக்கு ஒரு ஓட்டு. மூன்றும் மூன்று பக்கம் போயின. தண்ணீர் பாட்டில் வைக்க உள்ளே போனவளைக் கொழுந்தன் பிடித்துக்கொண்டான். "அண்ணி, நாலாவது ஓட்டு உங்களுது. நீங்க சொல்றதுதான் தீர்ப்பு."

அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பிரசவத்தில் செத்துப் பிழைத்து, கைக்குழந்தையோடு திரும்பி வந்து இறுதி ஆட்டம்வரை போனாளே, அந்தப் பெண்ணைச் சொன்னாள். ஏன் என்று சொல்ல ஆரம்பிப்பதற்குள் மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

"லேடீஸ் டாபிக்கை இன்னொரு நாள் வச்சுக்கலாம் அண்ணி!"

கணவர் மைக்கில் குனிந்து, "அவளுக்கு என்னங்க தெரியும், வாய்க்கு வந்ததைச் சொல்றா" என்றார்.

அந்த வரியில் நிறுத்தினாள்.

அவளுக்கு என்ன தெரியும்! கல்லூரி அணியில் ஆடியவள் அவள். கல்யாணமான புதிதில், டிவி முன்னால் உட்கார வைத்து, டை பிரேக் என்றால் என்ன என்று அவருக்கு விரல்விட்டுச் சொல்லிக்கொடுத்தவள். இன்றைக்கும் அவர் செட் பாயிண்டையும் மேட்ச் பாயிண்டையும் குழப்புவார். அதையெல்லாம் அவள் சத்தமில்லாமல் வெட்டிவிடுவாள். 'அண்ணன் நடமாடும் டென்னிஸ் அகராதி' என்று யாராவது பதிவின் கீழே எழுதினால் அவர் சத்தம் போட்டுப் படித்துக் காட்டுவார். அவளுக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அதை நினைக்கத்தான் இப்போது ஆத்திரமாக வந்தது. அவர் உளறலை எல்லாம் துடைத்துத் துடைத்து, தனக்கு எல்லாம் தெரியும் என்று கடைசியில் அவரே நம்பும்படி செய்துவிட்டேனே.

கதவைத் தள்ளிக்கொண்டு கணவர் வந்தார். "முடிஞ்சிடுச்சா? அந்த நாலாவது ஓட்டை எடுத்துடு. கமெண்ட்ல கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க."

"எதுக்குக் கிழிப்பாங்க?"

"நம்ம ஆளுங்களுக்கு அதெல்லாம் பிடிக்காதும்மா. அதுக்குப் பதிலா ஒரே ஒரு வரி பேசிக் குடு. 'எனக்கு டென்னிஸெல்லாம் தெரியாதுப்பா, இவரு யாரைச் சொல்றாரோ அவர்தான்'னு. செம காமெடியா இருக்கும். என் ஆளும் ஜெயிச்ச மாதிரி ஆச்சு."

"எனக்குத் தெரியாதுன்னு நான் சொல்லணுமா?"

"விளையாட்டுக்குத்தானே!"

"காலையில நீங்க தொண்டை கிழியக் கத்தினதும் விளையாட்டுக்குத்தானா?"

"ஐயோ, ஒரு வரிக்கு இவ்வளவு பஞ்சாயத்தா?" மைக்கை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பொத்தானை அழுத்தினார். "ம், பேசு."

அவர் ஏற்கெனவே சிரிக்கத் தயாராக இருந்தார். உதட்டோரம் தெரிந்தது. அவள் கை நீட்டிப் பதிவை நிறுத்தினாள்.

"இல்லங்க. அதை நான் பேச மாட்டேன்" என்றாள், குரல் உயராமல். "பேசினதை வெட்டவும் மாட்டேன்."