கோணிக்குள் இருந்த குச்சி

ஆராய்ச்சிக்கூடத்துத் துப்புரவுக்காரி பக்கத்துக் கூண்டைத் தேய்த்துக்கொண்டே கவனித்தாள். ஆராய்ச்சிக்காரர் பழப்பெட்டியைக் குரங்கின் முன்னால் வைத்தார். நீளக் குச்சி இல்லாமல் அது திறக்காது. குச்சியை முந்தின நாளே கொடுத்திருந்தார்கள். மறுநாளைக்கு வேண்டும் என்று எடுத்துவைக்கத் தெரிகிறதா என்பதுதான் சோதனை.

குரங்கு நேராக மூலைக்குப் போய்ப் படுக்கைக் கோணியைத் தூக்கியது. உதறியது. திருப்பிப் போட்டு மறுபடி தேடியது. ஆராய்ச்சிக்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். தினமும் சாயங்காலம் கோணியை மாற்றுகிறவள் அவள்தான். மூன்று நாளாக உள்ளே ஏதோ கட்டையாகத் தட்டுப்பட்டது. குப்பைதானே என்று சேர்த்துச் சுருட்டி எறிந்திருந்தாள்.

"மூணு தடவையும் குச்சியக் காணோம். நாளைக்குன்னு ஒரு நினைப்பே இல்லாத ஜென்மம்," என்றார் அவர். "மருந்துப் பிரிவுக்கு அனுப்பிடலாம்."

புது மருந்துகளைச் சோதிக்கும் அந்தப் பிரிவுக்குப் போன எதுவும் உயிரோடு திரும்பியதில்லை.

"சார்..."

"என்னம்மா?"

புகாரே இல்லாமல் ஒரு வருஷம் ஓட்டினால் வேலை நிரந்தரம் என்று ஒப்பந்தக்காரர் சொல்லியிருந்தார். இன்னும் பதினொரு நாள். நிரந்தரமானால் தங்கை வீட்டில் விட்டிருக்கும் மகளை அழைத்து வந்துவிடலாம். அதற்காகவே இத்தனை நாள் எல்லார் ஏச்சையும் விழுங்கியிருந்தாள்.

"ஒண்ணுமில்ல சார். தரை ஈரமா இருக்கு, பாத்து நடங்க."

சொல்லி முடிப்பதற்குள் உடம்பெல்லாம் கூசியது. குரங்கின் பக்கம் திரும்பவே முடியவில்லை.

கூண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. மத்தியானத்துக்கென்று முடிந்து வைத்திருந்த வேர்க்கடலையைக் கம்பிக்குள் நீட்டினாள். குரங்கு தயங்கித் தயங்கி வாங்கிக்கொண்டது.

"என்னக்கா, விருந்து பலமா இருக்கு! நிரந்தரம் ஆயிட்டீங்களா?" என்று வாசல் காவலாளி சீண்டினான்.

"இன்னும் பதினொரு நாள் இருக்குப்பா."

அவன் சிரிப்பு நின்றது. "உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களையும் பத்து நாள் இருக்கும்போதுதான்க்கா நிறுத்தினாங்க. அதுக்கு முன்னாடி இருந்தவங்களையும்."

அவள் வண்டியைத் தள்ளினாள். குரங்கு இரண்டு கடலையை உடைத்துத் தின்றது. மூன்றாவதை வண்டிக் கூண்டில் விரித்திருந்த கோணியின் மடிப்புக்குள் செருகியது. அவள் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டது.