குப்புராஜுக்கு ஒன்ஸ்மோர்

பொம்மிடி ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த நஞ்சப்பன் புளி மண்டியில் நாடகம் போட்ட கதையை, வேஷம் கட்டிய ஆண்களிடம் கேட்டால் கலைச்சேவை என்பார்கள். படுதாவுக்குச் சாக்குத் தைத்த பெண்களிடம் கேட்டால் முதலில் சிரிப்பார்கள், பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வேறு கதை சொல்வார்கள். ருசி அதில்தான்.

உலகச் சண்டைக் காலம். மண்ணெண்ணெய் கிடைக்காத நேரம். விடிய விடிய விளக்கேற்றி ராஜா வேஷம் கட்டி ஆட யாரால் முடியும்? அதனால் அந்தப் பங்குனி மாரியம்மன் பண்டிகைக்கு மண்டி முற்றத்திலேயே, வெயில் சாய்ந்ததும் தொடங்கி வெளிச்சம் இருக்கும்போதே முடிகிற மாதிரி ஒரு சிரிப்பு நாடகம் என்று முடிவாயிற்று. ராஜா கிடையாது, கிரீடம் கிடையாது. மண்டியில் தினம் நடப்பதுதான் கதை.

எழுதியவர் கணக்குப்பிள்ளை குப்புராஜ். சேலத்தில் பெரிய நாடகக் கம்பெனியில் இருந்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். கம்பெனிக்கு உள்ளே இருந்தாரா, வாசலில் இருந்தாரா என்பதில் ஊரில் இரண்டு கட்சி உண்டு. கெட்டிக்காரர், அதை மறுக்கக் கூடாது. யாரைக் கிண்டல் செய்தால் சோறு போய்விடுமோ அவரைப் புகழ்ந்து எழுதினார். நாடகத்தில் வரும் முதலாளி, கடைசிக் காட்சியில் திருட்டுக் கணக்கனைப் புளிய மிளாறால் விளாசித் தள்ளுவார். நிஜ முதலாளி நஞ்சப்பன் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக் குளிர வேண்டும். கணக்கன் வேஷத்தைக் குப்புராஜே வைத்துக்கொண்டார். அடி வாங்குகிறவனுக்குத்தான் சிரிப்பு முழுசாக வந்து சேரும் என்பது அவருக்குத் தெரியும். அடிக்கிற முதலாளி வேஷம் எடை போடும் சென்றாயனுக்கு.

யாரைக் கிண்டல் செய்தாலும் சோறு போகாதோ அவர்கள் மிச்சம். அதாவது, புளி தட்டிக் கொட்டை எடுக்கும் பெண்கள்.

அந்தப் பெண்களில் ஒருத்தி சென்னம்மாள். புருஷன் காளி, சண்டை தொடங்கும் முன்பே கோலார் சுரங்கத்துக்கு ரயிலேறினவன். முதலில் தீபாவளிக்கு வந்தான். பிறகு தீபாவளி மட்டும் வந்தது. அங்கே வேறொருத்தி இருக்கிறாள் என்று ஊரே அறியும். சென்னம்மாளும் அறிவாள். ஆனாலும் ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து சாயங்கால பாசஞ்சர் வந்து நிற்கும்போது, கை புளியிலேயே இருக்கும், கழுத்து மட்டும் ஸ்டேஷன் பக்கம் திரும்பும். வண்டி போனதும் கழுத்து நேராகிவிடும். கூட உட்கார்ந்த பெண்கள் ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. வாய் திறக்காமல் இருப்பது அந்தக் கூட்டத்தில் எவ்வளவு பெரிய காரியம் என்பது பழகியவர்களுக்குத் தெரியும்.

ஒத்திகை நடந்த நாளில் குப்புராஜ் அவளிடம் வந்தார்.

"சென்னம்மா, நாடகத்துல ஒரு பொம்பள வேஷம் இருக்குது. வண்டிக்கார மாதுதான் கட்டறான். உன் பச்சைக் கட்டம் போட்ட சேலையக் குடேன்."

சென்னம்மாளுக்குப் பெருமைதான். துவைத்துக் கஞ்சி போட்டு, மடித்துக் கொடுத்தாள்.

பண்டிகையன்று அந்தச் சேலையில் வண்டிக்கார மாது மேடைக்கு வந்தான். நாடகத்தில் அவன் பெயர் சென்னி. புளி தட்டினான். படுதாவுக்குப் பின்னாலிருந்து குப்புராஜ் "கூ... குச்சுகுச்சு" என்றார். மாது கழுத்தைக் கோழி மாதிரி நீட்டி, "எம் புருசன் வந்துட்டாரு!" என்று எழுந்து ஓடி, தடுக்கி விழுந்து, வெறுங்கையோடு திரும்பி வந்து மூக்கைச் சிந்தினான். மறுபடி "கூ". மறுபடி ஓட்டம். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

அத்தோடு போயிருந்தால்கூட ஒருவேளை மறந்திருப்பாள். அந்த நேரம் பார்த்து நிஜ பாசஞ்சர் வந்து நின்று கூவியது. பழக்கம் யார் பேச்சைக் கேட்கும்? பெண்கள் வரிசையில் இருந்த சென்னம்மாளின் கழுத்து தானாகத் திரும்பியது. மேடையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பை ஸ்டேஷன் மாஸ்டர் பிளாட்பாரத்தில் நின்று கேட்டாராம்.

மறுநாளிலிருந்து அவள் தண்ணீருக்குப் போனால் "கூ". உப்பு வாங்கப் போனால் "கூ". மகள் கருப்பி வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டாள்.

கருப்பி பாடுதான் பெரிய பாடு. அவளுக்கு அரூரில் ராணியம்மாள் மகனைப் பேசி முடித்து வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தது. ராணியம்மாள் முதல் நாளே கறாராகச் சொன்னவள்: "அப்பன் ஓடிப்போன வூட்டுல நாங்க பொண்ணு எடுக்கறதில்லீங்க." சென்னம்மாளும் கண்ணை இமைக்காமல், "எங்க வூட்டுக்காரரு கோலார்ல மேஸ்திரிங்க, லீவு கெடைக்கறதில்ல" என்று சொல்லிவைத்திருந்தாள். சொன்ன அன்று உடுத்தியிருந்தது அதே பச்சைக் கட்டம் போட்ட சேலை.

இந்த நேரத்தில் செய்தி வந்தது. வியாபாரிகள் கேட்டுக்கொண்டதால் வெள்ளிக்கிழமை மண்டியில் இன்னொரு தடவை நாடகம். அது முடிந்த மறுவாரம் அரூரில், சந்தை மைதானத்தில். ராணியம்மாள் வீட்டுக்கும் சந்தை மைதானத்துக்கும் நடுவில் ஒரு புளியமரம்தான் இருந்தது.

சென்னம்மாள் குப்புராஜிடம் போய் நின்றாள்.

"அய்யா, அந்த வண்டி சீன மட்டும் எடுத்துருங்க. பொண்ணு கல்யாணம் இருக்குது."

"அதெப்படி? அங்கதான சிரிப்பே."

"பேரையாச்சும் மாத்துங்க. சேலையையாச்சும் குடுத்துருங்க."

"இத பாரு சென்னம்மா, உன்னப் பாத்து யாரும் சிரிக்கல. பாத்திரத்தப் பாத்துச் சிரிக்கறாங்க. கலைன்னா அப்படித்தான். அரூர்ல நெஜ ரயில் கெடையாது, அதான் எனக்குக் கவலை. ஒரு விசில் வாங்கியாரச் சொல்லியிருக்கறேன்."

அவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து புளி தட்டினாள். அன்று அவள் தட்டிய தட்டில் கொட்டையெல்லாம் முற்றம் தாண்டிப் பறந்தது என்று பக்கத்தில் இருந்த ராமக்கா இன்றைக்கும் சொல்கிறாள்.

"என்னாக்கா, யாரு மண்டைன்னு நெனச்சுத் தட்டற?"

"ராமக்கா, போன தடவ ரயில்காரங்க அந்த அடி சீனுக்கு என்னமோ கத்தனாங்களே, அது என்னா?"

"ஒன்ஸ்மோரு. அப்படின்னா திரும்பவும் பண்ணுன்னு அர்த்தமாம். கத்தனா பண்ணியே ஆவணுமாம். மாட்டேன்னா கலைக்கே அவமானமாம், கணக்குப்புள்ளதான் சொன்னாரு."

"நீ கத்துவியா?"

ராமக்கா வீட்டில் கன்னடம் பேசுகிறவள். "சும்னிரு அக்கா, பொம்பளைங்க கத்தறதாவது" என்று சொல்லிவிட்டு, சென்னம்மாள் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. மத்தியானச் சோற்று வேளைக்குள் வரிசை முழுக்க விளங்கிவிட்டது.

நாடகத்துக்கு வேண்டிய தட்டுமுட்டுகளையெல்லாம் கட்டிக் கொடுப்பது அந்தப் பெண்கள்தான். மேடையில் அடிக்கிற மிளாறு நிஜ மிளாறு அல்ல. வாழைப்பட்டையைக் கீறி முறுக்கி, கரி பூசி, மிளாறு மாதிரியே செய்தது. படீர் என்று சத்தம் வரும், எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்காது. கட்டியது சென்னம்மாள் கை. வெள்ளிக்கிழமை அவள் பட்டைக்குக் கரி பூசவில்லை. பச்சைப் புளிய மிளாறுக்குப் பூசினாள்.

படுதாவுக்குப் பின்னால் சென்றாயன் அதை வாங்கியபோது கையில் தூக்கிப் பார்த்தான்.

"என்னாக்கா, கனமா இருக்குது?"

"ஈரம்."

சென்றாயன் காற்றில் ஒரு வீசு வீசினான். 'விஷ்' என்றது. சென்னம்மாளைப் பார்த்தான். அந்தப் பக்கம் கண்ணாடியில் தன் மீசையை ரசித்துக்கொண்டிருந்த குப்புராஜைப் பார்த்தான். காலையில்கூட அத்தனை வண்டிக்காரர்கள் முன்னால் அவனை 'தராசு பிடிக்கத் தெரியாத தடியன்' என்று திட்டியவர் அவர்.

"ஆமாமா, ஈரந்தான்" என்றான் சென்றாயன்.

அன்று வண்டி சீன் வந்தது, போனது, கூட்டம் சிரித்தது. சென்னம்மாள் வரிசையில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கடைசிக் காட்சி வந்தது. குப்புராஜ் சட்டையில்லாத முதுகைக் காட்டிக் குனிந்து, "அய்யோ மொதலாளி!" என்று செல்லமாக அழுதார். சென்றாயன் மிளாறை ஓங்கினான்.

முதல் அடியில் குப்புராஜ் துள்ளிய துள்ளலை எந்த நாடகக் கம்பெனியும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. "டேய், நெசமாவே உறைக்குதுடா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். முன்வரிசை வரை கேட்டது. கூட்டம் உருண்டது. "என்னா நடிப்பு! என்னா நடிப்பு!" என்று நஞ்சப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த அடி. அதற்கடுத்தது. ஒருவழியாகக் காட்சி முடிந்து குப்புராஜ் படுதாவைப் பார்த்து ஓடும்போது, பெண்கள் பக்கத்திலிருந்து ராமக்காவின் குரல் எழும்பியது.

"ஒன்ஸ்மோரே...!"

பிறகு பெண்கள் வரிசை மொத்தமும். பிறகு ரயில்காரர்கள். பிறகு வியாபாரிகள். நஞ்சப்பன் நாற்காலியில் ஏறி நின்று, "கணக்குப்புள்ள, இன்னொருக்கா! மெடல் உண்டு!" என்றார்.

குப்புராஜ் கூட்டத்தைப் பார்த்தார். மிளாறைப் பார்த்தார். மெடல் என்ற சொல் காதில் விழுந்துவிட்டது. திரும்பிப் போய்க் குனிந்தார்.

மூன்றாவது ஒன்ஸ்மோருக்கு அவருக்கு வசனமே வரவில்லை. நடிப்பும் வரவில்லை. வந்ததெல்லாம் நிஜம். சென்னம்மாள் அந்த முதுகில் ஒவ்வொரு கோடாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாசஞ்சர் வந்து கூவிவிட்டுப் போனது. அன்று அவள் கழுத்து திரும்பவில்லை. பார்ப்பதற்கு மேடையில் நிறைய இருந்தது.

மறுநாள் குப்புராஜ் மண்டி மூலையில் சாக்கு மூட்டைகள் மேல் குப்புறக் கிடந்தார். முதுகில் விளக்கெண்ணெய். தலைமாட்டில் மெடல். சென்னம்மாள் ஒரு கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் கொண்டுவந்து வைத்தாள்.

"யாருடி மிளாற மாத்தனது?"

"எந்த மிளாறுங்க? நீங்க நல்லா நடிச்சீங்கன்னு ஊரே பேசுது. அரூர்ல அடி சீனு இன்னும் பெருசா இருக்கோணும்னு மொதலாளி சொல்லிட்டாராமே."

குப்புராஜ் முனகினார்.

"பட்ட கட்டறது எங்கையிதானுங்க. எங்க ஆளுங்க அத்தன பேரும் அரூருக்கு மாட்டு வண்டி பேசிட்டாங்க. அவளுங்க தொண்டைக்கு இப்பத்தான் ருசி தெரிஞ்சிருக்குது."

குப்புராஜ் தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கலை எதுவும் மிச்சமில்லை.

"உனக்கு என்னா வேணும்?"

"சென்னி வேண்டாம். ரயிலு வேண்டாம். எஞ்சேலைய மடிச்சுக் குடுத்துருங்க."

"குடுத்தா பட்டை பட்டையாவே இருக்குமா? நீயும் உன் ஆளுங்களும் கத்த மாட்டீங்களே?"

"மாரியாத்தா மேல சத்தியமா எங்க வாயில ஒத்த சத்தம் வராது."

குப்புராஜ் சொன்ன சொல் காப்பாற்றினார். அரூரில் மாது தண்ணீர்ப் பந்தல்காரனாக வந்து யாரையும் சிரிக்கவைக்காமல் போனான். சென்னம்மாள் பச்சைக் கட்டம் போட்ட சேலை உடுத்தி, பெண்கள் பக்கத்தில், வெற்றிலை மென்றுகொண்டிருந்த ராணியம்மாளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்கு நாள் குறிப்பது பற்றி நாடகத்தின் நடுவிலேயே பேச்சு முடிந்தது.

கடைசிக் காட்சி. சென்றாயன் கையில் நிஜமான வாழைப்பட்டைதான். ஆனால் ஆறி முடியாத முதுகுக்குப் பட்டையென்ன, பஞ்சென்ன? ஒவ்வொன்றுக்கும் குப்புராஜ் எம்பினார். காட்சி முடிந்தது. அவர் பயத்தோடு பெண்கள் பக்கம் பார்த்தார். சென்னம்மாள் வாயை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள். ராமக்காவும் மற்றவர்களும் அப்படியே. குப்புராஜ் பெருமூச்சு விட்டார்.

"ஆளு நல்லா அடி வாங்கறானே, யாருங்க சம்பந்தி?" என்றாள் ராணியம்மாள்.

"எங்க மண்டி கணக்குப்புள்ளைங்க. எங்க ஊர்ல இன்னும் நல்லா வாங்கனாரு. கேட்டா திரும்பவும் பண்ணுவாருங்க."

"யாரு வேணும்னாலும் கேக்கலாமா?"

"யாரு வேணும்னாலும். ஒன்ஸ்மோர்னு கத்தோணும், அவ்வளவுதான்."

"அட! வாங்க, ரெண்டு பேரும் சேந்து கத்துவோம்."

சென்னம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு வெக்கமா இருக்குதுங்க சம்பந்தி. நீங்க கத்துங்க."

ராணியம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, இடுப்பில் கைவைத்து எழுந்து நின்றாள். அரூர்ச் சந்தையில் மாடு விலை பேசிப் பழகிய தொண்டை அது.